பட்ஜெட்டில் சொன்ன பணம் பள்ளிக்கூடத்துக்கு ஏன் வருவதில்லை? (பெங்களூர்)

விவேக்நகர் வாசி · 22 மார்ச் 2025

எங்கள் பக்கத்து அரசு ஆரம்பப் பள்ளியில் எஸ்.டி.எம்.சி. (பள்ளி வளர்ச்சி, கண்காணிப்புக் குழு) உறுப்பினராக இருக்கிறேன். பெயர் பெரிதாக இருக்கிறதே தவிர, பால் பவுடர் வந்ததா, முட்டை வந்ததா, குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பார்ப்பதுதான் வேலை. மூன்றாம் வகுப்பு அறை இரண்டு வருடமாக ஒழுகுகிறது. மழை பெய்தால் அந்தப் பிள்ளைகளை நாலாம் வகுப்பில் கொண்டுபோய் உட்கார வைப்பார்கள். ஒரே கரும்பலகை. நடுவில் கோடு போட்டு இந்தப் பக்கம் பெருக்கல், அந்தப் பக்கம் வகுத்தல்.

போன வருட பட்ஜெட்டுக்குப் பிறகு எங்களுக்கு ஒரு புது அறை உண்டு என்று தலைமை ஆசிரியை சொன்னார். அப்புறம் பேச்சே இல்லை. ஆபீசில் போய்க் கேட்டால் மூன்று தடவையும் ஒரே பதில்: "ஹண பிடுகடெ ஆகில்ல அம்மா." பணம் விடுவிக்கப்படவில்லையாம்.

சட்டசபையில் பட்ஜெட் வாசித்தார்கள், நிறைவேற்றியும் விட்டார்கள். அப்புறம் யார் கையில் அந்தப் பணம் நிற்கிறது? அரசியல் வேண்டாம். நடைமுறை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

356சி · 22 மார்ச் 2025

அக்கா, நேற்று சபையில் நடந்ததைப் பார்த்தீர்களா? கூட்டத்தொடரின் கடைசி நாள். பா.ஜ.க. எம்.எல்.ஏ.க்கள் 18 பேரை ஆறு மாதம் சஸ்பெண்ட் செய்தார்கள். அந்தக் கூச்சலிலேயே எம்.எல்.ஏ. சம்பளம் மாதம் 40,000இலிருந்து 80,000 ஆனது. அந்தப் பணம் மட்டும் எங்கேயும் நிற்காது.

பழைய கஜானா · 23 மார்ச் 2025

கருவூலத்தில், அதாவது இங்கே கஜானே என்று சொல்கிற இடத்தில், வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பட்ஜெட் உரை கல்யாணப் பத்திரிகை மாதிரி. முகூர்த்தமும் மண்டபமும் இருக்கும். மொய் எவ்வளவு விழும் என்று அதில் இருக்காது. மார்ச் 7ஆம் தேதி சித்தராமையா வாசித்தது அவருடைய 16ஆவது பட்ஜெட். மொத்தம் 4,09,549 கோடி. டிவியில் நாம் பார்க்கிறது அந்த உரையைத்தான். சபை ஓட்டுப் போடுவதோ உரைக்கு இல்லை. துறைவாரியாக வைக்கிற மானியக் கோரிக்கைகளுக்குத்தான் ஓட்டு. அவற்றை ஏற்ற பிறகு நிதி ஒதுக்க மசோதா வரும். அது சட்டமானால்தான் மாநிலத்தின் தொகுநிதியிலிருந்து ஒரு ரூபாய் எடுக்க முடியும். அரசியல் சட்டத்தில் 202, 203, 204 பிரிவுகள்.

இதில் ஒரு எம்.எல்.ஏ. என்ன செய்யலாம்? ஏற்கலாம், மறுக்கலாம், குறைக்கலாம். கூட்ட முடியாது. "எங்கள் தொகுதிப் பள்ளிக்கு இன்னும் 10 லட்சம்" என்று அவர் தீர்மானம் கொண்டுவர வழியே இல்லை. வெட்டுத் தீர்மானம் கொடுக்கலாம், அதுவும் பெயருக்கு ஒரு ரூபாய், நூறு ரூபாய் குறைத்து எதிர்ப்பைக் காட்டத்தான். நேரம் போதவில்லை என்றால் பேசாமல் மிச்சம் இருக்கிற துறைகளை எல்லாம் கடைசி நாளில் மொத்தமாகச் சேர்த்து நிறைவேற்றுவார்கள். அதற்குக் கில்லட்டின் என்று பெயர். தலை உருளுகிற சத்தம்கூடக் கேட்காது.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். சபை நிறைவேற்றுகிற சட்டம் "இதற்கு மேல் செலவு செய்யாதே" என்றுதான் சொல்கிறது. "இவ்வளவு செலவு செய்தே தீர வேண்டும்" என்று அதில் ஒரு வரி கிடையாது. மேல் வரம்பு மட்டும்தான். நிதித்துறை அந்த வரம்புக்குள் தவணை தவணையாக விடுவிக்கும். ஆபீசில் சொல்கிற "பிடுகடெ" அதுதான். விடுவிப்பு ஆணை வந்தால்தான் கீழே கிரியா யோஜனெ, அதாவது செயல்திட்டப் பட்டியல், உயிர் பெறும். அப்புறம் டெண்டர், வேலை, அளவுப் புத்தகம், பில், கஜானே. மார்ச் 31 இரவோடு வருடம் முடிகிறது. செலவாகாத தொகை காலாவதி. அடுத்த வருடம் முதலிலிருந்து கேட்க வேண்டும்.

விவேக்நகர் வாசி · 23 மார்ச் 2025

நன்றி சார். இதுவரை யாரும் இப்படி உட்கார வைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஒன்று. ஆசிரியர்களுக்கு மாதாமாதம் சம்பளம் சரியாக வருகிறது. அது எப்படி? அதுவும் அதே கல்வித்துறைப் பணம்தானே?

பழைய கஜானா · 23 மார்ச் 2025

நல்ல கேள்வி அம்மா. துறை ஒன்றுதான், கணக்குத் தலைப்பு வேறு. பட்ஜெட் புத்தகத்தில் ஒவ்வொரு செலவுக்கும் ஒரு எண் உண்டு. பொதுக்கல்வி 2202. அதில் பெரும்பங்கு சம்பளம்தான். கட்டடம் கட்டுகிற மூலதனச் செலவு 4202. மருத்துவத்துக்கு 2210, ஆஸ்பத்திரிக் கட்டடத்துக்கு 4210. இந்த எண்கள் நாடு முழுக்க ஒன்றுதான், சென்னையில் எடுத்தாலும் இதேதான். 2இல் ஆரம்பிப்பது அன்றாடச் செலவு, 4இல் ஆரம்பிப்பது சொத்து உண்டாக்குகிற செலவு.

கையிருப்பு குறைந்தால் எதை நிறுத்துவார்கள்? சம்பளத்தை நிறுத்தினால் மறுநாளே தெருவில் கொடி. பென்ஷனை நிறுத்த முடியாது. கடன் வட்டிக்குச் சபையின் ஓட்டே தேவையில்லை; பேசலாம், கை தூக்க முடியாது, சட்டப்படியே அப்படி. மிச்சம் இருப்பது கட்டடம். பள்ளிக்கூடக் கூரை கொடி பிடிக்காது.

356சி · 24 மார்ச் 2025

சுற்றி வளைத்தது போதும். எல்லாவற்றையும் இலவசமாகக் கொடுத்தால் கூரைக்கு எங்கே பணம்? பெண்களுக்கு இலவச பஸ், மாதம் 2,000 ரூபாய் என்று அரசு வாக்குக் கொடுத்த ஐந்து கேரண்டித் திட்டங்களுக்கு மட்டும் இந்த வருடம் 51,034 கோடி. மொத்த பட்ஜெட்டில் நூற்றுக்குப் பன்னிரண்டரை ரூபாய். ஒரே கையெழுத்தில் எத்தனை வகுப்பறை கட்டலாம்?

இன்னொரு பக்கம் ஜனவரி 5இலிருந்து பஸ் கட்டணம் 15 சதவீதம் கூடியது. அம்மாவுக்கு ஃப்ரீ டிக்கெட், அப்பாவிடம் அதற்கான வசூல்.

கேஜிஎஃப் பேத்தி · 24 மார்ச் 2025

தம்பி, என் அம்மா இன்னும் இரண்டு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறார். ஷக்தி திட்டம் 2023 ஜூனில் வந்தபோது பஸ்ஸுக்குக் கொடுத்த பணம் மிச்சமானது. கிருஹலட்சுமியில் வருகிற 2,000 ரூபாயில் சிலிண்டர் வாங்கி, மீதியில் என் தங்கைக்கு டியூஷன். அது கூரையைவிட மட்டமான செலவா?

கண்டக்டர் கொடுக்கிற ஜீரோ டிக்கெட்டைச் சும்மா கிழித்துப் போடாதீர்கள் என்று எங்கள் ரூட்டில் ஒரு கண்டக்டர் அடிக்கடி சொல்வார். அந்தத் துண்டுச் சீட்டைக் கணக்கு வைத்துத்தான் போக்குவரத்துக் கழகம் அரசிடம் பணம் கேட்கிறதாம். "நீங்கள் வாங்காமல் இறங்கினால் எங்கள் கம்பெனிக்கு நஷ்டம்மா" என்பார். அந்தக் கணக்கில் ஷக்திக்கு இந்த வருடம் 5,300 கோடி. கிருஹலட்சுமிக்கு 28,608 கோடி.

இன்னொன்று: புதிதாக ஊரிலிருந்து வந்த நம் பெண்கள் தமிழ்நாட்டு ஆதாரை நீட்டினால் டிக்கெட் எடுக்கத்தான் வேண்டும். கர்நாடக முகவரி இருந்தால்தான் இலவசம். சென்னையில் 2021இலிருந்து சாதாரணப் பேருந்தில் யாரிடமும் எதுவும் கேட்பதில்லை.

நெறியாளர் · 24 மார்ச் 2025

இழை கேரண்டி ஆதரவு, எதிர்ப்பு என்று போகிறது. அதற்குத் தனி இழை ஏற்கெனவே 40 பக்கம் ஓடுகிறது. இங்கே பணம் வருகிற வழி, போகிற வழி மட்டும்.

பழைய கஜானா · 25 மார்ச் 2025

நெறியாளர் மன்னிக்கவும், இதுவும் வழியைப் பற்றியதுதான். இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது, ஆனால் கணக்கைப் பார்க்காமல் சண்டை போட்டால் இருவரும் தோற்பீர்கள்.

இந்த வருட வருவாய் 2,92,477 கோடி. அன்றாடச் செலவு 3,11,739 கோடி. துண்டு விழுவது 19,262 கோடி. கடனாக வாங்கப்போவது 1,16,000 கோடி. அந்தக் கடனில் 26,474 கோடி பழைய கடனின் அசலை அடைக்கப் போகிறது. 19,262 கோடி மேலே சொன்ன துண்டை அடைக்க. மிஞ்சுவது சுமார் 70,000 கோடி. மூலதனச் செலவு என்று போட்டிருப்பது 71,336 கோடி. பார்த்தீர்களா? ரோடு, பாலம், அணை, வகுப்பறை எல்லாமே ஏறத்தாழ முழுக்கக் கடன் பணத்தில். வருமானத்தில் வீட்டுச் செலவுக்கே போதவில்லை, ஓட்டை மாற்ற வட்டிக்கு வாங்குகிறோம்.

கடனையும் இஷ்டத்துக்கு வாங்க முடியாது. நாட்டிலேயே முதலில் நிதிப் பொறுப்புச் சட்டம் போட்டது கர்நாடகம்தான், 2002இல். பற்றாக்குறை மாநில உற்பத்தியில் 3 சதவீதம், மொத்தக் கடன் 25 சதவீதம் தாண்டக்கூடாது. இந்த வருட மதிப்பீடு 2.95, 24.91. கோட்டை உரசிக்கொண்டு நிற்கிறது. வருடத்தின் நடுவில் வரி வசூல் கொஞ்சம் சறுக்கினால் கோட்டைத் தாண்டாமல் இருக்க ஒரே வழி 4இல் ஆரம்பிக்கிற தலைப்புகளில் பிடுகடெயை இறுக்குவது. உங்கள் மூன்றாம் வகுப்பு அங்கே மாட்டிக்கொள்கிறது.

அல்சூர் ஏரிக்கரை · 25 மார்ச் 2025

வரியைக் கூட்டினால் என்ன?

பழைய கஜானா · 25 மார்ச் 2025

எதில்? 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்த பிறகு மாநிலம் தானாகக் கை வைக்க முடிகிறவை கொஞ்சம்தான். சாராயம், பெட்ரோல் டீசல், பத்திரப் பதிவு, வண்டி வரி. இந்த வருடம் கலால் இலக்கு 40,000 கோடி, பதிவுத்துறை 28,000 கோடி, வாகன வரி 15,000 கோடி. ஒருவர் குடித்தால், ஒருவர் வீடு வாங்கினால், ஒருவர் கார் வாங்கினால் பள்ளிக்கூடம் நடக்கும். மத்திய வரிப் பகிர்வில் கர்நாடகத்தின் பங்கு 14ஆவது நிதிக்குழுவில் 4.713 சதவீதம், 15ஆவதில் 3.647 ஆனது. அதைப் பற்றி எல்லாக் கட்சிக்காரரும் மாறி மாறிப் பேசியிருக்கிறார்கள், நான் வேறு எதற்கு.

ஃபில்டர்காபி · 27 மார்ச் 2025

நான் சென்னையிலிருந்து வந்து எட்டு வருடம். ஒப்பிட்டால் கோபப்படாதீர்கள். தமிழ்நாட்டில் மானியக் கோரிக்கை விவாதம் வாரக்கணக்கில் நடக்கும். ஒவ்வொரு துறைக்கும் கொள்கை விளக்கக் குறிப்பு என்று ஒரு புத்தகம், தமிழில். என் தாத்தா நூலகத்தில் உட்கார்ந்து பொதுப்பணித்துறைப் புத்தகத்தைக் கதைப் புத்தகம் மாதிரி வாசிப்பார். எங்கள் ஏரியின் பெயர் வந்திருக்கிறதா என்று விரலால் தடவித் தடவித் தேடுவார். இங்கே நான் யாரிடம் கேட்டாலும் "வெப்சைட்டில் இருக்கிறது" என்கிறார்கள்.

இன்னொரு வித்தியாசம். இங்கே மேலவை உண்டு, 75 பேர். தமிழ்நாட்டில் 1986இலேயே ஒழித்தாயிற்று. அந்த மேலவையாவது பட்ஜெட்டில் ஏதாவது செய்கிறதா?

பழைய கஜானா · 27 மார்ச் 2025

பேசலாம். மானியக் கோரிக்கைக்கு ஓட்டு இல்லை. பண மசோதாவை 14 நாள் கையில் வைத்துக்கொள்ளலாம், பிறகு அவர்கள் என்ன சொன்னாலும் சொல்லாவிட்டாலும் அது நிறைவேறியதாகிவிடும். உங்கள் தாத்தா நல்ல வாசகர். ஆனால் குறிப்பில் பெயர் வந்த எல்லா ஏரிக்கும் கரை கட்டினார்களா என்று அவரிடம் கேட்டிருக்க வேண்டும்.

ஃபில்டர்காபி · 27 மார்ச் 2025

கேட்டேன். "பெயர் வந்தால் போய்ச் சண்டை போடப் பிடி கிடைக்கும்டா" என்றார்.

ஸ்ரீராமபுரம் பையன் · 30 மார்ச் 2025

மேல் வரம்புதான், கட்டாயம் இல்லை என்று ஐயா சொன்னார். ஒரு இடத்தில் கட்டாயம் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். 2013இல் இங்கே பட்டியல் சாதியினர், பழங்குடியினர் துணைத்திட்டச் சட்டம் வந்தது. மக்கள்தொகைக்கு ஏற்ப 24.1 சதவீதம் ஒதுக்க வேண்டும். இந்த வருடம் 42,018 கோடி. செலவு செய்யாத அதிகாரி பதில் சொல்ல வேண்டும் என்றும் சட்டத்திலேயே இருக்கிறது.

நடைமுறை என்ன? முன்பு 7டி என்று ஒரு பிரிவு இருந்தது. ஊருக்கே போடுகிற ரோட்டில் எங்கள் ஆட்களும் நடப்பார்கள், ஆகவே அந்தச் செலவில் ஒரு பங்கு எங்களுக்குச் செய்ததாக எழுதிக்கொள்ளலாம். போராடி 2023இல் அதை நீக்க வைத்தோம். இப்போது கேரண்டிப் பணத்தில் ஒரு பெரிய துண்டு இதே தலைப்பிலிருந்து போகிறது. எங்கள் பெண்களும் 2,000 வாங்குகிறார்களே என்பது காரணம். அக்கா சொன்ன 2,000 எங்கள் வீட்டுக்கும் வருகிறது, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஊருக்கெல்லாம் பொதுப் பணத்தில் கொடுப்பதை எங்களுக்கு மட்டும் எங்கள் பெட்டியிலிருந்தே எடுத்துக் கொடுத்தால் அது எப்படிக் கூடுதல் உதவி? எங்கள் காலனி ஹாஸ்டலுக்குப் போக வேண்டியது அது.

கேஜிஎஃப் பேத்தி · 30 மார்ச் 2025

இது எனக்குத் தெரியாது. இந்த இடத்தில் நீங்கள் சொல்வது சரி.

356சி · 30 மார்ச் 2025

எனக்கும்.

அல்சூர் ஏரிக்கரை · 2 ஏப்ரல் 2025

இதில் மாநகராட்சி எங்கே வருகிறது? மாநில பட்ஜெட்டில் பெங்களூருக்கு வருடத்துக்கு 3,000 கோடி கொடுத்ததை 7,000 கோடி ஆக்கியிருக்கிறார்கள். சந்தோஷம். அதை எந்தத் தெருவுக்கு என்று கேட்க கவுன்சிலர் இல்லை. 2015இல் தேர்தல் நடந்தது, 2020 செப்டம்பரில் அவர்கள் காலம் முடிந்தது. அப்போதிலிருந்து மாநகராட்சி பட்ஜெட்டை அதிகாரிகளே போட்டு அதிகாரிகளே ஒப்புகிறார்கள். எம்.எல்.ஏ. வீட்டு வாசலில்தான் சாக்கடைக்கும் நிற்கிறோம்.

பழைய கஜானா · 2 ஏப்ரல் 2025

விவேக்நகர் அம்மா, இத்தனை பேர் பேசிவிட்டோம், உங்களுக்கு ஒன்றும் உருப்படியாகச் சொல்லவில்லை. இதைச் செய்யுங்கள். தகவல் அறியும் உரிமையில் மனு போடுங்கள். பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டர். கர்நாடகத்தில் 150 வார்த்தைக்குள், ஒரே விஷயம்தான் கேட்க வேண்டும், இல்லையென்றால் அதையே சாக்காக வைத்துத் திருப்பி அனுப்புவார்கள். "ஏன் கட்டவில்லை" என்று கேட்காதீர்கள். ஏன் என்ற கேள்விக்கு அவர்கள் பதில் சொல்ல வேண்டியதில்லை. செயல்திட்டப் பட்டியலின் நகல், நிர்வாக அனுமதி ஆணையின் நகல், எந்தக் கணக்குத் தலைப்பு, எந்தத் தேதியில் எவ்வளவு விடுவிப்பு. தாள் கேளுங்கள், காரணம் கேட்காதீர்கள்.

விவேக்நகர் வாசி · 11 ஜூலை 2025

இழை இன்னும் திறந்திருப்பது நல்லதாகப் போயிற்று. பள்ளிக்கூடம் திறந்து ஒரு மாதம் ஆகிவிட்டது. பதில் வந்தது. முதல் மனு திரும்பி வந்தது (சார் சொன்ன மாதிரியே, "ஒன்றுக்கு மேற்பட்ட விஷயம்"), இரண்டாவது மனுவுக்கு ஏழு தாள்.

கன்னடத்தில் இருந்ததால் என் மகன்தான் வாசித்தான். அவன் ஏழாவது. இரண்டு பட்டியல் இருக்கிறது. ஒன்று பழுது பார்க்கிற பட்டியல், தலைப்பு 2202. அதில் எங்கள் பள்ளியின் பெயர் இருக்கிறது, மேலே ஒரு கோடு போட்டு அடித்திருக்கிறது. பக்கத்தில் பேனாவில் "ஹொஸ கொடடி மஞ்சூராகிதெ". புது அறைக்கு அனுமதி ஆகிவிட்டது, ஆகவே பழைய அறைக்குப் பழுது வேண்டாம். இன்னொன்று புது அறைப் பட்டியல், 4202. அதில் எங்கள் பெயர் 31ஆவது. நிர்வாக அனுமதி உண்டு. விடுவித்தது ஒரே தவணை, அது முதல் 12 பள்ளிகளோடு முடிந்துவிட்டது. மிச்சம் மார்ச் 31 அன்று சரண்டர், அதாவது செலவாகாமல் திரும்பிப் போய்விட்டது.

ஆக, புது அறை வரப்போகிறது என்பதற்காகப் பழைய கூரைக்கு ஓடு போடவில்லை. புது அறையும் வரவில்லை. ஆபீசில் யாரும் பொய் சொல்லவில்லை சார், இரண்டு மேசையிலும் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

356சி · 11 ஜூலை 2025

அக்கா, நான் போன தடவை பேசியதற்கு மன்னிக்கவும். அந்தக் கோடு போட்ட தாளைப் படம் எடுத்துப் போட முடியுமா? பள்ளிக்கூடத்தின் பெயரை மறைத்துவிட்டு.

பழைய கஜானா · 12 ஜூலை 2025

இதை நான் நூறு தடவை பார்த்திருக்கிறேன், அந்த மேசையின் மறுபக்கத்தில் உட்கார்ந்து. கோடு போட்டவர்களில் நானும் ஒருவன், வேறு துறையில். ஒரே இடத்துக்கு இரண்டு தலைப்பில் செலவு காட்டினால் தணிக்கையில் கேட்பார்கள், அந்தப் பயம்.

இப்போது கேட்க வேண்டியது புது அறை இல்லை. காலாவதியான அனுமதியைக் காட்டி, "பழுது பட்டியலில் மறுபடி சேர்க்கவும்" என்று ஒரு பக்கக் கடிதம், எஸ்.டி.எம்.சி. தீர்மானத்தோடு. இரண்டாவது தவணைக்கு முன்னால் போய்ச் சேர வேண்டும், அதாவது ஆகஸ்டுக்குள். நகல் உங்கள் எம்.எல்.ஏ.வுக்கு. அவருக்குத் தொகுதி மேம்பாட்டு நிதி வருடத்துக்கு 2 கோடி இருக்கிறது, ஓடு மாற்ற அதில் ஒரு ஓரம் போதும். அவரிடம் அந்தக் கோடு போட்ட தாளையும் காட்டுங்கள்.

விவேக்நகர் வாசி · 12 ஜூலை 2025

சரி சார். தீர்மானம் செவ்வாய்க்கிழமை போட்டுவிடுவோம். அதுவரை பெற்றோர் சேர்ந்து 4,200 ரூபாய்க்கு ஒரு தார்ப்பாய் வாங்கிப் போட்டிருக்கிறோம். காற்றடித்தால் படபடவென்று அடித்துக்கொள்கிறது, பிள்ளைகளுக்குப் பாடம் கேட்கவில்லை என்கிறார் டீச்சர். கடிதத்தைக் கன்னடத்தில் ஆபீஸ் நடையில் எழுதித் தர யாராவது இருக்கிறீர்களா? என் மகன் எழுதினால் லீவு லெட்டர் மாதிரி வருகிறது.

ஸ்ரீராமபுரம் பையன் · 12 ஜூலை 2025

நான் எழுதித் தருகிறேன் அக்கா. ஏழு தாளையும் தனிச்செய்தியில் அனுப்புங்கள். 31ஆவது எண் இருக்கிற பக்கம் தெளிவாக இருக்கட்டும்.